வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்படவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையை நீக்கும் வழிமுறை

பணிப்பட்டையின் வலது ஓரத்தில் உள்ள கேடயச் சின்னத்தில் பச்சைக் குறி தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக் கணினியின் ஆன்டிவைரஸ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஏவி-டெஸ்ட் ஆய்வகம், நாள்தோறும் 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களும் வேண்டாத செயலிகளும் தன் பதிவேட்டில் சேர்வதாகக் கூறுகிறது. பழைய நிரலையே சற்று உருமாற்றி வெளியிடுவதும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் அந்த உருமாற்றத்தின் நோக்கமே தீநிரல்களை இனங்காண ஆன்டிவைரஸ் பயன்படுத்தும் அடையாளத் தரவின் பழைய பதிப்பை வைத்திருக்கும் கணினிகளின் கண்ணில் படாமல் தப்புவதுதான். ஆகவே மூன்று வாரமாகப் புதுப்பிக்கப்படாத ஆன்டிவைரஸ், இயங்கிக்கொண்டிருந்தாலும், இன்று மின்னஞ்சலில் வரும் இணைப்பைப் பற்றிப் போதிய அளவு அறிந்திருக்காது.

புதுப்பித்தல் நின்றுபோனால் பலரும் உடனே செய்வது ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அது பயன் தருவதில்லை. கோளாறு ஆன்டிவைரஸில் இல்லாமல் அது சார்ந்திருக்கும் கடிகாரத்திலோ, இணைய இணைப்பிலோ, வட்டின் இடத்திலோ, யாரோ முன்பு மாற்றி வைத்த அமைப்பிலோ இருப்பதுதான் அதற்குக் காரணம். அதனால் அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதற்குப் பின் புதுப்பித்துப் பாருங்கள். நான்கைந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது சரிசெய்தது என்பது தெரியாமல் போகும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல் அது முழுமையான ஆன்டிவைரஸாகவே இயங்கி வருகிறது. இந்த வழிமுறை டிஃபெண்டரை மையமாக வைத்து எழுதப்பட்டது. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறுமே தவிர, காரணங்கள் பெரும்பாலும் இவையேதான்.

ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டச்சு செய்து திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பகுதிக்குச் சென்று, கீழே உள்ள ‘ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ்’ என்ற இணைப்பை அழுத்துங்கள். அங்கே அடையாளத் தரவின் பதிப்பு எண்ணுக்குக் கீழே, அந்தப் பதிப்பு உருவாக்கப்பட்ட நாளும், கணினி கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளும் தனித்தனியாகக் காட்டப்படும். நாம் நம்ப வேண்டியது பதிப்பு உருவாக்கப்பட்ட நாளைத்தான். மைக்ரோசாஃப்ட் ஒரு நாளிலேயே பலமுறை புதிய அடையாளத் தரவை வெளியிடுவதால், இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியில் அந்த நாள் இன்றாகவோ நேற்றாகவோ இருக்க வேண்டும். மூன்று நாளைக் கடந்திருந்தால் அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கப்படுவது அடையாளத் தரவு மட்டும் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தரவைப் படித்துக் கோப்புகளைச் சோதிக்கும் எஞ்சினும், அந்த எஞ்சின் இயங்கும் பிளாட்ஃபார்மும் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளிவருகிறது. விண்டோஸ் அப்டேட் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், கேபி 2267602 என்ற எண்ணோடு வருபவை அடையாளத் தரவு என்றும், கேபி 4052623 என்ற எண்ணோடு வருபவை பிளாட்ஃபார்ம் என்றும் அடையாளம் காணலாம். இந்த இரண்டில் எது நின்றிருக்கிறது என்று தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அறிகுறி: பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் சுற்றிவிட்டு, முடியவில்லை என்கிறது

முதலில் கணினியின் நாளையும் நேரத்தையும் பாருங்கள். இது அற்பமான காரணமாகத் தோன்றினாலும் பழைய மேசைக் கணினிகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் வட்ட பேட்டரி, அதாவது கடைகளில் சிஆர்2032 என்று கேட்டு வாங்கும் பேட்டரி, தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் சென்றுவிடும். ஆன்டிவைரஸ் தன் நிறுவனத்தின் சர்வரோடு பாதுகாப்பான முறையில் பேசுவதற்கு முன், அந்த சர்வர் காட்டும் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுபடியாகுமா என்று சோதிக்கிறது. கணினியின் கணக்குப்படி இன்றைய தேதி 2015 என்றால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்து தொடர்பைத் துண்டித்துவிடும். வங்கித் தளங்கள் உட்படப் பல தளங்களில் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது என்றால் இந்தக் காரணம் உறுதி. செட்டிங்ஸில் நேரம், மொழி பகுதிக்குச் சென்று, நேர மண்டலம் சரிதானா என்று பார்த்து, முதலில் நாளைக் கையால் சரிசெய்துவிட்டு, அதன் பின் ‘சிங்க் நௌ’ பொத்தானை அழுத்துங்கள். வேறுபாடு மிகப் பெரிதாக இருக்கும்போது தானியங்கி ஒத்திசைவு மட்டும் கை கொடுக்காது. மறுநாளும் கடிகாரம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது இணைய இணைப்பு. கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகக் கணினியை இணைப்பவர்கள், அந்த இணைப்பு ‘மீட்டர்டு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் பார்க்க வேண்டும். அளவு வைத்துக் கட்டணம் வாங்கப்படும் இணைப்பு என்று விண்டோஸ் கருதினால், டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காகப் பல அப்டேட்களை நிறுத்தி வைக்கும். ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில், மீட்டர்டு இணைப்பிலும் பதிவிறக்க அனுமதிக்கும் விசை இருக்கிறது. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் கணினிக்கு மாறிய பகுதிகள் மட்டுமே வருவதால் அளவு சிறிதாகவே இருக்கும்; பல வாரம் மூடிக் கிடந்த கணினியோ முழுத் தொகுப்பையும் இறக்க வேண்டியிருப்பதால் அது 100 எம்பியைத் தாண்டும். டேட்டா மிச்சமாகும் என்று எண்ணி அப்டேட்டைத் தள்ளிப் போடுவதால் கடைசியில் செலவு கூடுமே தவிர, குறையாது. இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி ஏதேனும் இயங்கினால் அதையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்.

பிழைச் செய்தியோடு ஓர் எண்ணும் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி எட்டு இடங்கள் போதும்.

80070070 என்றால் வட்டில் இடம் இல்லை என்பது பொருள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்று தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் இருக்கும் என்பதால், அதில் உங்களுக்கு வேண்டிய கோப்புகள் இருந்தால் அந்தக் குறியை எடுத்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். குடும்பப் படங்களைப் பலர் இந்தக் கோப்புறையில்தான் விட்டு வைக்கிறார்கள்.

80070422 என்றால் தேவையான சேவை ஒன்று முடக்கப்பட்டிருக்கிறது. டேட்டா செலவாகாமல் இருக்கட்டும் என்று விண்டோஸ் அப்டேட்டை அடியோடு நிறுத்தும் சிறு செயலிகளை ஓட்டிய கணினிகளில் இது வரும். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தட்டச்சு செய்து திறந்து, ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்’, ‘கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ்’ ஆகிய மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டும் ‘மேனுவல்’ என்றும், மூன்றாவது ‘ஆட்டோமேட்டிக்’ என்றும் இருக்க வேண்டும். ‘டிஸேபிள்டு’ என்று இருப்பதை இரட்டைச் சொடுக்கிட்டு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். முடக்கிய செயலி இன்னும் கணினியில் இருந்தால் அது மறுபடியும் முடக்கிவிடும் என்பதால் அதை முதலில் நீக்க வேண்டும்.

80070643 என்பது நிறுவும் கட்டத்தில் தோல்வி என்பதை மட்டுமே சொல்லும் பொதுவான எண். பதிவிறக்கம் நடந்திருக்கிறது, ஆனால் பொருத்த முடியவில்லை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இதற்கு முதல் மருந்து மறுதொடக்கம். அதற்கும் கேட்கவில்லை என்றால், அடையாளத் தரவின் முழுத் தொகுப்பை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி ஓட்டலாம். அந்தப் பக்கத்தில் 32 பிட், 64 பிட், ஆர்ம் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். உங்கள் கணினி எந்த வகை என்பதை செட்டிங்ஸின் ‘அபௌட்’ பக்கத்தில் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டால் சன்னல் எதுவும் திறக்காமல், வெற்றி என்ற செய்தியும் காட்டாமல் முடிந்துவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி சொடுக்க வேண்டாம். சில நிமிடம் பொறுத்துவிட்டு, முன்பு சொன்ன பக்கத்தில் பதிப்பு உருவாக்கப்பட்ட நாள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இணையமே இல்லாத கணினிக்கும் இந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுசென்று பயன்படுத்தலாம்.

அறிகுறி: வெற்றி என்கிறது, ஆனால் நாள் மாறவில்லை

இது பெரும்பாலும் முடிவடையாமல் நிற்கும் பழைய அப்டேட்டால் வருவது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியை வட்டில் சேமித்து வைத்துவிட்டு, மறுநாள் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்மையான புதிய தொடக்கம் நடக்கிறது. நாள்தோறும் இரவில் ஒழுங்காக அணைத்துவிட்டுப் படுக்கச் செல்லும் வீட்டிலும் கணினி பல வாரமாக மறுதொடக்கமே காணாமல் இருக்கக் கூடும். அதனால் ரீஸ்டார்ட் கொடுத்து, வந்தவுடன் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் காத்திருக்கும் அனைத்தையும் நிறுவ விட்டு, மறுபடியும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘பாஸ் அப்டேட்ஸ்’ வழியாக யாராவது அப்டேட்களை நிறுத்தி வைத்திருந்தால் அதையும் விடுவியுங்கள்.

அறிகுறி: அமைப்புகள் மங்கலாக இருக்கின்றன, நிறுவனம் நிர்வகிப்பதாகச் சொல்கிறது

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த லேப்டாப் என்றால் இது இயல்பானது. அவர்களின் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்வதே முறை. சொந்தப் பணத்தில் வாங்கிய கணினியில் இந்தச் செய்தி வந்தால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ என்று சென்று, பழைய வேலையிடத்தின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் துண்டித்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

அப்படி எந்தக் கணக்கும் இல்லையென்றால் கவலைப்பட வேண்டிய நிலை. உரிமம் வாங்காமல் விண்டோஸையோ ஆஃபீஸையோ ‘ஆக்டிவேட்’ செய்து தரும் சிறு நிரல்களை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடச் சொல்லுவார்கள். கணினி விற்ற கடையிலோ, விண்டோஸ் போட்டுத் தந்தவரோ அதைச் செய்திருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அந்த நிரல்கள் கொள்கை விதிகளை மாற்றி டிஃபெண்டரை முடக்குவதோடு, ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் விலக்குப் பட்டியலிலும் கை வைப்பது உண்டு. அந்தப் பட்டியலை இப்போதே திறந்து பாருங்கள்: ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பக்கத்தில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ அழுத்தி, பக்கத்தின் அடிவரை சென்றால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். நிர்வாகி அனுமதி கேட்டு, பிறகு பட்டியலைக் காட்டும். நீங்களே சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. ஒரே வரியில் ‘சி’ டிரைவ் முழுவதும் விலக்கப்பட்டிருப்பதைக் கண்டால், அந்தக் கணினியில் ஆன்டிவைரஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயன் இல்லை என்று அறியுங்கள். காவலாளியை வேலைக்கு வைத்துவிட்டு, வீட்டுக்குள் யார் வந்தாலும் பார்க்காதே என்று சொல்லி வைத்ததைப் போன்றது அது. பச்சைக் குறி அப்போதும் தெரியும், அடையாளத் தரவின் நாளும் சரியாக இருக்கும். அதனால்தான் இந்தப் பட்டியலைப் பார்ப்பதை மற்ற எல்லாச் சோதனைகளைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

தேவையற்ற விலக்குகளை நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் ‘டேம்ப்பர் ப்ரொடெக்ஷன்’, ‘கிளவுட் டெலிவர்டு ப்ரொடெக்ஷன்’ ஆகிய இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். முன்னது பிற நிரல்கள் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்றாமல் தடுக்கிறது. பின்னது அடையாளத் தரவில் இன்னும் சேராத புதிய கோப்பைப் பற்றி சர்வரிடமே கேட்டு முடிவெடுக்க உதவுகிறது. அதன் பின் முழு ஸ்கேன் செய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் அமைப்புகள் மங்கலாகவே இருந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு மதிப்பாகத் தேடி மாற்றுவதைவிட, தேவையான கோப்புகளை வெளி வட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது. யாரோ ஓட்டிய நிரல் வேறு எதை மாற்றியிருக்கிறது என்று உங்களால் உறுதி செய்ய முடியாது. ஆக்டிவேட் செய்யப்படாத விண்டோஸுக்கும் பாதுகாப்பு அப்டேட்களும் டிஃபெண்டரின் அடையாளத் தரவும் வருகின்றன என்பதால், உரிமம் வாங்கும் வரை என்ன செய்வது என்று தயங்கி, அதே திருட்டு நிரலை மறுபடியும் நாட வேண்டாம்.

அறிகுறி: லேப்டாப்புடன் வந்த ஆன்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டது

புதிய லேப்டாப்களில் ஒரு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ இலவசமாக ஓர் ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டு வருவது வழக்கம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. காலம் முடிந்த பின் டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்க வேண்டும். அது நடக்கும் என்று நம்பிக் காத்திருப்பதைவிட நாமே நடத்திவிடுவது நல்லது. பணம் செலுத்தித் தொடர விருப்பமில்லை என்றால் செட்டிங்ஸின் ‘ஆப்ஸ்’ பகுதியிலிருந்து அதை நீக்குங்கள். நீக்கிய பிறகும் மிச்சம் மீதி இருந்தால் அந்தந்த நிறுவனமே வெளியிடும் நீக்கும் கருவியை ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டரின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது. காலாவதியான ஆன்டிவைரஸைக் கணினியில் வைத்திருப்பதைவிட, இலவசமாக நாள்தோறும் புதுப்பிக்கப்படும் டிஃபெண்டரை வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

கூடுதல் பாதுகாப்பு என்று கருதி இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் இயக்குவதும் புதுப்பித்தலைக் கெடுக்கும். ஒன்று இறக்கும் அடையாளத் தரவில் வைரஸ்களின் துணுக்குகள் இருப்பதைக் கண்டு மற்றொன்று அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்நாட்டு அரசின் தடையால் காஸ்பர்ஸ்கை ஆன்டிவைரஸுக்கான புதுப்பித்தல் 2024 செப்டம்பர் 29-உடன் அங்கே முடிவுக்கு வந்தது. பழைய நிறுவல் இன்னும் உங்கள் கணினியில் இருந்தால் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அதற்குத் தீர்வு இல்லை. அதை நீக்கிவிட வேண்டியதுதான்.

அறிகுறி: எல்லாத் தளங்களும் திறக்கின்றன, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை

இந்த அறிகுறியை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. கணினிக்குள் நுழைந்துவிட்ட தீநிரல் தன்னைக் கண்டுபிடிக்க வருபவற்றைத் தடுப்பது பழைய உத்தி. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல், ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்களைக் கொண்ட முகவரிகளையும் விண்டோஸ் அப்டேட்டையும் திறக்க விடாமல் செய்தது. மற்ற தளங்கள் வழக்கம்போலத் திறந்ததால் பலருக்கும் கோளாறு இருப்பதே தெரியவில்லை.

முதலில் அதே தளத்தை அதே வைஃபையில் இணைந்த கைபேசியில் திறந்து பாருங்கள். கைபேசியில் திறந்தால் கோளாறு கணினிக்குள் இருக்கிறது. கைபேசியிலும் திறக்காமல், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்தால், தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பு ரவுட்டரில் மாற்றப்பட்டிருக்கலாம். ரவுட்டரை அதன் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இணைப்பு விவரங்களை மறுபடியும் உள்ளிட வேண்டியிருக்கும் என்பதால் அவற்றை இணையச் சேவை தருபவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிக்குள் என்றால், செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் ‘ப்ராக்ஸி’ பக்கத்தைத் திறந்து, நீங்கள் அமைக்காத ப்ராக்ஸி (இணையத் தொடர்பை இடையில் நின்று கடத்தும் சர்வர்) முகவரி இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு நோட்பேடை நிர்வாகி அனுமதியோடு திறந்து, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற கோப்புறையில் இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பைப் பாருங்கள். அந்தக் கோப்புக்குப் பின்னொட்டு இல்லாததால், திறக்கும் சன்னலில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி தேர்ந்தெடுத்தால்தான் கண்ணில் படும். மாற்றப்படாத விண்டோஸில் அதன் எல்லா வரிகளும் # குறியுடன் தொடங்கும். குறி இல்லாமல் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தள முகவரியோடு முடியும் வரி இருந்தால், அந்தத் தளத்துக்குப் போகும் வழி அங்கேதான் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியை நீக்கிச் சேமியுங்கள். நிரல் எழுதுபவர்களின் கருவிகளும் விளம்பரத் தடுப்பான்களும் இதில் வரிகளைச் சேர்ப்பதுண்டு. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வரியை நீக்கியதோடு நின்றுவிடாதீர்கள், எழுதிய நிரல் இன்னும் உள்ளே இருக்கலாம். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே ஏறத்தாழ 15 நிமிடம் சோதிக்கும். ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு அந்த நேரத்தில் இயங்க வாய்ப்பில்லை என்பதே இதன் சிறப்பு. அதோடு, வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டலாம். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும். அதனால் முன்பு எப்போதோ இறக்கி வைத்ததைப் பயன்படுத்த முடியாது. கணினி சுத்தமாகும் வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அறிகுறி: உடனே பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது

திரையின் வலது கீழ் மூலையில், புகழ்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னத்தோடு, உங்கள் சந்தா முடிந்துவிட்டது, இத்தனை வைரஸ்கள் பிடிபட்டுள்ளன என்று சிவப்பு எழுத்தில் வரும் அறிவிப்புகளில் பெரும்பகுதி உங்கள் ஆன்டிவைரஸிலிருந்து வருவதில்லை. எப்போதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ பொத்தானை அழுத்தியதால் உலாவி வழியாக வருபவை அவை. அறிவிப்பை உற்றுப் பார்த்தால் உலாவியின் பெயரும் தள முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். டிஃபெண்டருக்குச் சந்தாவே கிடையாது, அது புதுப்பிக்கப் பணம் கேட்காது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்; இந்த ஏமாற்றில் அதிகம் சிக்குபவர்கள் அவர்கள்தான்.

குரோமில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று சென்று, அனுமதிக்கப்பட்ட தளங்களில் தெரியாதவற்றை நீக்குங்கள். மற்ற உலாவிகளிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, ஒலி எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால், அழைக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியை மூடிவிடுங்கள். அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவிவிட்டீர்கள் என்றால், உடனே இணையத்தைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கி, வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடும்.

அறிகுறி: புதுப்பித்த பிறகு நல்ல செயலி ஒன்று காணாமல் போகிறது

அடையாளத் தரவிலும் தவறு நேர்வதுண்டு. 2010 ஏப்ரல் 21-ஆம் நாள் மெக்கஃபி வெளியிட்ட அடையாளக் கோப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கணினிக் கோப்பையே வைரஸ் என்று கருதியதால் எண்ணற்ற கணினிகள் முடங்கின. வீடுகளில் அந்த அளவுக்குப் பெரிய சேதம் அரிது. சிறு செயலிகள் பிடிபடுவது அரிதன்று. தமிழ்த் தட்டச்சுக்கான சில சிறு செயலிகள், அழுத்தும் விசைகளைக் கவனித்து எழுத்தை மாற்றிக் கொடுப்பதால், விசைகளைத் திருடும் நிரலோ என்ற ஐயத்துக்கு ஆளாகலாம்.

‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’ பக்கத்தில் எது, எப்போது, எந்தப் பெயரில் பிடிபட்டது என்று இருக்கும். உடனே மீட்டுவிடாமல், செயலியை அதன் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல பத்து ஆன்டிவைரஸ் எஞ்சின்கள் ஒரே கோப்பைப் பற்றிச் சொல்லும் கருத்து அங்கே கிடைக்கும். அங்கே ஏற்றப்படும் கோப்பு பிறருக்கும் பகிரப்படும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றக் கூடாது. ஒன்றிரண்டு எஞ்சின்கள் மட்டும் ஐயப்பட்டால், அடையாளத் தரவை மறுபடியும் புதுப்பித்துப் பாருங்கள். பல நேரம் தவறு ஓரிரு நாளில் திருத்தப்பட்டுவிடும். விலக்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள், கோப்புறை முழுவதற்கும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஆன்டிவைரஸ் புதிதாக இருக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு அப்டேட் வருவதில்லை

2017 மே 12-ஆம் நாள் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற தீநிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அப்டேட் நிறுவாத கணினிகளே பெரும்பாலும் பாதிக்கப்பட்டன. ஆன்டிவைரஸின் அடையாளத் தரவு எவ்வளவு புதிதாக இருந்தாலும், அடைக்கப்படாத ஓட்டையின் வழியாக வருவது ஆன்டிவைரஸையே முடக்கிவிட்டுத் தன் வேலையைத் தொடங்க முடியும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான அடையாளத் தரவு மட்டும் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதனால் இந்தக் கணினிகளில் ஆன்டிவைரஸ் பக்கத்தின் நாள் சரியாகவே இருக்கும், விண்டோஸின் ஓட்டைகள் மட்டும் திறந்தே கிடக்கும். வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அந்த ஓட்டைகளுக்கான அப்டேட்களும் வரும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதை ‘பிசி ஹெல்த் செக்’ செயலியால் சோதிக்கலாம்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸில் அணைக்கப்பட்டிருப்பதால் மட்டுமே ஏற்காமல் இருக்கும் கணினிகளும் உண்டு, அங்கே அதை இயக்கினால் போதும்.

விண்டோஸ் 7 இருக்கும் கணினியை எந்த ஆன்டிவைரஸாலும் காப்பாற்றிவிட முடியாது. அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. குரோமும் 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. அத்தகைய கணினியில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் எடுத்து, புதுப்பிக்கப்பட்ட வேறொரு கணினியில் ஸ்கேன் செய்துவிட்டு, பழையதை இணையத்திலிருந்து துண்டித்து, கணக்கு எழுதவோ பிள்ளைகள் தட்டச்சுப் பழகவோ பயன்படுத்திக்கொள்ளலாம்.